ஸ்கோப் ஜீரோவைப் பிடிக்கிறதா? தொலைதூரத் துப்பாக்கிப் போட்டிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃப்-கிளாஸ், பி.ஆர்.எஸ். (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்), பெஞ்ச்ரெஸ்ட் போன்ற, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்துச் சுடும் போட்டிகளில் இருப்பவர்களுக்கும், இறங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது. பெரும்பாலும் ரேஞ்சில் டீ குடிக்கும்போது என்னிடம் கேட்கப்பட்டவை. சிலவற்றை நானே மற்றவர்களிடம் கேட்டுத் திரிந்திருக்கிறேன்.

ஜீரோ என்றால் என்ன? அதை "பிடிப்பது" என்றால்?

ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குறுக்கிழை எங்கே நிற்கிறதோ அங்கேயே தோட்டா போய் விழும்படி ஸ்கோப்பைத் திருத்தி வைப்பதுதான் ஜீரோ. பி.ஆர்.எஸ். ஆட்கள் வழக்கமாக 100 கஜத்தில் வைப்பார்கள். அங்கிருந்து ஒவ்வொரு இலக்குக்கும் ஸ்கோப்பின் மேலே இருக்கும் டரெட்டை, அதாவது குறி திருத்தும் குமிழை, திருப்பிக்கொண்டு போவார்கள்.

பிடிப்பது என்பதில் இரண்டு வேறு வேறு குணங்கள் கலந்து கிடக்கின்றன. சுட்டாலும் இடித்தாலும் குறி நகராமல் இருப்பது ஒன்று. டரெட்டைத் திருப்பினால் சொன்ன அளவு நகர்ந்து, திரும்பக் கொண்டுவந்தால் பழைய இடத்துக்கே வருவது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் டிராக்கிங் என்கிறோம். ஒன்றில் கெட்டியாக இருக்கும் ஸ்கோப் மற்றதில் சொதப்பலாம். அதனால் புகார் சொல்லும்போது எது என்று சொல்லுங்கள். "ஜீரோ போச்சு" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

ஒலிம்பிக்கில் ஸ்கோப்பே பார்த்ததில்லையே?

பார்த்திருக்க முடியாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியிலும் உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இந்த டயாப்டர் முறையில்தான். 10 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மி.மீ. ஓடும் இலக்குப் போட்டிகளில் மட்டும் ஸ்கோப் உண்டு, ஆனால் அவை 2004-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை.

ஸ்கோப் இல்லை என்பதால் ஜீரோ கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முன்பு சுட்ட பயிற்சித் தோட்டாக்களில் தன் துப்பாக்கியின் குறி பெரிதாக விலகியிருந்ததைக் கண்டதாக அபினவ் பிந்த்ரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். திருத்திவிட்டுச் சுட்டு, தங்கம் வாங்கினார். பயிற்சித் தோட்டாவை வீண் என்று நினைக்கும் எல்லோருக்கும் இந்தக் கதையைத்தான் நான் சொல்வது.

அப்படியானால் ஸ்கோப் எங்கே முக்கியம்? எல்லாப் போட்டிக்கும் ஒரே ஸ்கோப் போதாதா?

போதாது. ஒவ்வொரு போட்டியும் ஸ்கோப்பை ஒவ்வொரு விதமாக வதைக்கிறது.

எஃப்-கிளாஸ் என்பது கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்க்குவர்சனின் பெயரால் வந்த போட்டி. படுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, 1000 கஜம் வரை சுடுவது. அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டம் 10 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 5 அங்குலம். இங்கே டரெட்டை அதிகம் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் குறி ஒரு அங்குலம் நகர்ந்தாலும் எக்ஸ் எண்ணிக்கை போய்விடும்.

பி.ஆர்.எஸ். நேர்மாறு. 2012-இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஒன்றரை இரண்டு நிமிடத்துக்குள் பல தூரங்களில் இருக்கும் இரும்புத் தட்டுகளை, கூரை, குழாய், டயர், தடுப்புப் பலகை என்று கிடைத்ததன் மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் டரெட் திரும்பும். பத்துக் கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் துப்பாக்கி பலகையில் "டமார்" என்று இறங்கும். இங்கே கால் அங்குலம் யாருக்கும் கவலையில்லை. அந்த அடியைத் தாங்கி, நூறாவது முறை திருப்பிய பிறகும் டரெட் உண்மை பேச வேண்டும்.

பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் மேசையில் உட்கார்ந்து 100, 200 கஜத்தில் ஒரே ஓட்டையில் ஐந்து தோட்டாக்களைப் போட முயல்பவர்கள். ஒரு மி.மீ. கூட அவர்களுக்குத் தெரியும். ஸ்கோப்புக்குள் குறி கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறுகிறது என்பதை விடாப்பிடியாகக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இவர்கள்தான். மற்றவர்களின் குரூப்பில், அதாவது ஒரே குறியில் சுட்ட தோட்டாக்களின் சிதறலில், அந்தத் தடுமாற்றம் கலந்து மறைந்துவிடும்.

ஒரு கிளிக் எவ்வளவு?

டரெட் ஒரு படி திரும்புவதுதான் கிளிக். மில், எம்.ஓ.ஏ. இரண்டும் கோண அளவுகள். ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. மில் ஸ்கோப்பில் ஒரு கிளிக் 0.1 மில், அதாவது 100 மீட்டரில் 1 செ.மீ. எம்.ஓ.ஏ. கணக்கில் ஒரு எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் சுமார் 29 மி.மீ., கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் ஏழு மி.மீ.க்குச் சற்று மேல். எது சிறந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

ஸ்கோப்புக்குள் அப்படி என்னதான் நகர்கிறது?

வெளிக்குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. முன் லென்ஸ் தலைகீழாகக் காட்டும் பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் இதற்குள் இருக்கும். இதன் பின்முனை ஒரு மூட்டில் பொருந்தியிருக்கும். முன்முனையை மேலிருந்து ஒரு திருகும் பக்கத்திலிருந்து ஒரு திருகும் அழுத்தும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் டரெட்டைத் திருப்பும்போது அந்தத் திருகுதான் ஏறி இறங்குகிறது, ஸ்பிரிங் குழாயை அதோடு ஒட்டவைக்கிறது. வெளியே பார்க்க ராணுவத் தளவாடம் போல இருக்கும் பொருளுக்கு உயிர்நாடி ஒரு சின்ன ஸ்பிரிங்.

முன் லென்ஸின் குவிதூரம் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளிக், அதாவது 0.1 மில்லுக்கு அந்த இடத்தில் குறுக்கிழை நகர வேண்டிய தூரம் 0.02 மி.மீ. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஓர் உதை விழுகிறது. அந்த உதைக்குப் பிறகு உள்குழாய் இவ்வளவு துல்லியமாகப் பழைய இடத்தில் வந்து உட்கார வேண்டும்.

கெடுவது எப்படி என்றால்: ஸ்பிரிங் வலுவில்லாமல் இருக்கலாம். திருகின் முனை தேய்ந்து குழாய் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளலாம். பின் மூட்டில் ஆட்டம் இருக்கலாம். உள்ளே ஒரு லென்ஸோ ரெட்டிக்கிளோ (குறுக்கிழை) பிடிமானம் விட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் மோசம். குறி ஒரு பக்கமாக நகராமல் இரண்டு இடங்களுக்கு நடுவே தாவும். குரூப் இரட்டையாகப் பிறக்கும்.

பெரும்பாலான ஸ்கோப்புகளில் மேலே ஏற்ற ஏற்றத் திருகு வெளியே வரும், ஸ்பிரிங் விரியும், அதன் அழுத்தம் குறையும். அதனால் பயணத்தின் உச்சிக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுவதை நான் தவிர்ப்பேன். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் மாட்டும் பட்டைதான் ரெயில். 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள ரெயில் போட்டால் டரெட்டை அவ்வளவு ஏற்றாமலே 1000 கஜம் எட்டிவிடும்.

மூன்று தோட்டா சுட்டேன், ஒரு கிளிக் வலப்பக்கம் போயிருக்கிறது. ஜீரோ நகர்ந்துவிட்டதா?

தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

உங்கள் துப்பாக்கி ஐந்து தோட்டாவில் சராசரியாக 1 எம்.ஓ.ஏ. குரூப் போடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். தோட்டாக்களின் சிதறலை வைத்துக் கணக்குப் போட்டால், மூன்று தோட்டாக்களின் மையம் 100 மீட்டரில் உண்மையான மையத்திலிருந்து சாதாரணமாகவே ஆறேழு மி.மீ. விலகும். போன வாரம் மூன்று, இந்த வாரம் மூன்று என்று இரண்டையும் ஒப்பிட்டால், எதுவுமே நகராதபோதும், மூன்றில் ஒரு முறை "பக்கவாட்டில் ஒரு கால் எம்.ஓ.ஏ. கிளிக்கோ அதற்கு மேலோ நகர்ந்துவிட்டது" என்று தோன்றும். பத்துப் பத்துத் தோட்டாக்களாக ஒப்பிட்டால் அந்த ஏமாற்றம் பத்தில் ஒரு முறைக்கும் கீழே இறங்கிவிடும்.

எத்தனையோ பேர் சனிக்கிழமைதோறும் மூன்று தோட்டா சுட்டு ஒரு கிளிக் இடப்பக்கம், அடுத்த சனிக்கிழமை ஒரு கிளிக் வலப்பக்கம் என்று திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அப்புறம் ஸ்கோப் அலைகிறது என்கிறார்கள். அலைவது அவர்கள் கை.

ஆகவே ஜீரோவைப் பத்துத் தோட்டாவில் வையுங்கள். அந்த அட்டையைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இன்னொரு பத்து. இரண்டு மையங்களையும் அளந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம். மலையளவு நகர்ந்திருந்தால் இவ்வளவு தேவையில்லை. மூன்று தோட்டாவும் ஐந்து செ.மீ. தள்ளிப் போனால் எங்கோ ஏதோ கழன்றிருக்கிறது.

சரி, உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது. ஸ்கோப்தானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டாக்கையும் (துப்பாக்கியின் கட்டை) ஆக்ஷனையும் (தோட்டாவை ஏற்றிச் சுடும் உலோகப் பகுதி) சேர்க்கும் திருகுகளை. அதற்கடுத்து ரெயிலை ஆக்ஷனில் பிடிக்கும் சிறு திருகுகள். ரெயிலை மறைத்துக்கொண்டு ஸ்கோப் இருப்பதால் இவற்றை யாரும் பார்ப்பதே இல்லை. பிறகு ஸ்கோப்பின் குழாயைச் சுற்றிப் பிடித்து ரெயிலில் நிறுத்தும் ரிங். பிறகு பேரல் முனையில் உதையைக் குறைக்கும் மசில் பிரேக் தளர்ந்திருக்கிறதா, பேரல் எங்காவது ஸ்டாக்கில் உரசுகிறதா என்று பாருங்கள். பேரலை நன்றாகச் சுத்தம் செய்தபின் முதல் சில தோட்டாக்கள் வேறிடம் போவதும் உண்டு. புதுத் தொகுதித் தோட்டாவுக்கு மாறியிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். இவை எல்லாம் முடிந்தபின்தான் ஸ்கோப்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு பருவம் முழுக்க என் குறி மேலும் கீழுமாகத் தாவிக்கொண்டிருந்தது. ஸ்கோப்பைக் கழற்றித் தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து "பழுது எதுவும் இல்லை" என்ற சீட்டோடு வந்தது. எனக்குக் கோபம், அவர்கள் சோதிக்கவே இல்லை என்று கிளப்பில் எல்லோரிடமும் சொன்னேன். கடைசியில் ஒரு பெரியவர் என் துப்பாக்கியை வாங்கி, பேரல் முனையையும் ஸ்டாக் முனையையும் ஒரே கையால் சேர்த்துப் பிடித்து, விரலை இடுக்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் முன் ஆக்ஷன் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். பேரல் ஸ்டாக்கிலிருந்து துள்ளி எழுந்தது விரலுக்கே தெரிந்தது. ஆக்ஷன் சமமாக உட்காராமல், திருகின் இறுக்கத்தில் வளைந்து நின்றிருந்தது. எபாக்ஸி போட்டு ஆக்ஷனுக்கு ஒழுங்கான படுக்கை அமைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. அந்த ஸ்கோப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ரிங்கையும் ரெயிலையும் சரியாக மாட்டுவது எப்படி?

ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டு ரிங்குகளுக்கு நடுவே 10 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒன்று மட்டும் 0.01 மி.மீ. நகர்ந்தால் குறி 0.1 மில் நகர்கிறது. 100 மீட்டரில் 1 செ.மீ., 1000 மீட்டரில் 10 செ.மீ. கண்ணுக்குத் தெரியாத ஓர் அசைவு ஒரு முழு கிளிக்கைத் தின்றுவிடும்.

ரெயிலுக்கும் ஆக்ஷனுக்கும் நடுவே எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லாமல் துடையுங்கள். ரெயிலைத் திருகு போடாமல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பினால் அது பொருந்தவில்லை. திருகி இறுக்கினால் ரெயில் வளையும், அதன்மேல் ஸ்கோப்பும் வளையும். அடியில் மெல்லிய எபாக்ஸிப் பூச்சு போட்டு இடைவெளியை நிரப்புவதுதான் வழி.

ரிங்கை ரெயிலின் பள்ளத்தில் வைத்ததும், முன்பக்கமாக, அதாவது பேரல் முனைப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது, ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதாவது ரெயிலைப் பொறுத்தவரை அது முன்னால் போகப் பார்க்கிறது. முதலிலேயே சுவரில் முட்டி நிற்கவைத்துவிட்டால் பிறகு போக இடமில்லை.

இறுக்கத்துக்கு டார்க் ஸ்பேனர், அதாவது திருகும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர், வாங்குங்கள். ரிங் மூடித் திருகுகளுக்குப் பல தயாரிப்பாளர்கள் 15 முதல் 18 அங்குல-பவுண்டு சொல்கிறார்கள், அதாவது சுமார் 1.7 முதல் 2 நியூட்டன்-மீட்டர். ரெயிலைப் பிடிக்கும் குறுக்குத் திருகுக்குச் சில கனமான ரிங்குகளில் 65 வரை போகும். உங்கள் ரிங்கின் தாளில் உள்ள எண்ணே இறுதி. "நல்லா இறுக்கமா இருக்கட்டும்" என்று கை பலத்தைக் காட்டினால் வெளிக்குழாய் நசுங்கும், உள்குழாய் சிக்கும். இலக்கின் தூரத்துக்கு ஏற்பத் திருத்தும் பக்கக் குமிழ் திடீரென்று கடினமாகத் திரும்பினால் ரிங் நெரிக்கிறது என்று அர்த்தம்.

குழாயின் ஓரத்தில் ரிங்கை ஒட்டி ஒரு பேனாக் கோடு போட்டுவையுங்கள். ஐந்து பைசா செலவில்லை. ஸ்கோப் வழுக்குகிறதா என்ற கேள்விக்கு ஒரே பார்வையில் பதில்.

திருகுகளுக்கு லாக்டைட் போடலாமா?

லாக்டைட் என்பது திருகு தளராமல் பிடிக்கும் பசை. ரெயில் திருகுகளுக்கு நீல நிறத்தது, ஒரு துளி. ரிங் மூடிகளுக்கு நான் போடுவதில்லை. ஈரமான மரை சுலபமாகத் திரும்பும் என்பதால் அதே டார்க் எண்ணில் உண்மையான இறுக்கம் கூடிவிடும்.

வெயிலில் ஜீரோ நகருமா?

நகரலாம், ஆனால் மக்கள் நினைக்கும் காரணத்தால் அல்ல. ஆக்ஷன் எஃகு, ரெயில் பல நேரம் அலுமினியம். அலுமினியம் எஃகைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 15 செ.மீ. நீள ரெயில் 30 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.05 மி.மீ. மேலே சொன்ன 0.01 மி.மீ. கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நன்றாக ஒட்டி, சமமாக இறுக்கப்பட்ட ரெயிலில் இது அடங்கிவிடும். அரைகுறையாக மாட்டிய ரெயிலில் திருகைச் சுற்றிக் கொஞ்சம் வழுக்கி, ஆறியபின் பழைய இடத்துக்கு வராமல் நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய ஏமாற்றுக்காரன் கானல். நண்பகலில் இலக்கே நீந்துகிறது. குறி நகர்ந்ததா இலக்கின் பிம்பம் நகர்ந்ததா என்று அப்போது முடிவு செய்யாதீர்கள். ஜீரோவைக் காலையில் பாருங்கள்.

பேரலாக்ஸ் ஜீரோவை மாற்றுமா?

கண் நடுவிலிருந்து விலகும்போது இலக்கின் மேல் குறுக்கிழை நகர்வதுபோலத் தெரிவதுதான் பேரலாக்ஸ். ஜீரோவை மாற்றாது. மாறியது போலக் காட்டும். 50 மி.மீ. முன் லென்ஸ் உள்ள ஸ்கோப் 100 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டிருந்து, 200 கஜத்தில் அப்படியே சுட்டால், கண் எவ்வளவு ஓரத்துக்குப் போனாலும் பிழை அதிகபட்சம் 25 மி.மீ. கண் நடுவில் இருந்தால் பிழையே இல்லை. தலையை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இலக்கின் மேல் குறுக்கிழை மிதந்தால் பக்கக் குமிழைத் திருத்துங்கள். குமிழின் மேல் அச்சிட்ட எண்களை நம்ப வேண்டாம்.

டிராக்கிங்கை நானே எப்படிச் சோதிப்பது?

உயர இலக்குச் சோதனைதான் சிறந்தது. டரெட்டிலிருந்து இலக்கு வரை சரியாக 100 மீட்டர் நாடாவால் அளந்துகொள்ளுங்கள். காலடிக் கணக்கு வேண்டாம், லேசர் கருவி ஒரு மீட்டர் முன்பின் சொன்னாலே ஒரு சதவீதம் போச்சு. பெரிய அட்டையில் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு செங்குத்துக் கோடு வரையுங்கள். கீழே ஒரு புள்ளி, அதிலிருந்து மிகச் சரியாக ஒரு மீட்டர் மேலே இன்னொன்று. அதாவது 10 மில்.

தோட்டா வேண்டியதில்லை. ஸ்கோப்பை அசையாத ஏதாவது ஒன்றில் பிடித்து வைத்து, குறுக்கிழையைப் புள்ளியில் நிறுத்தி, டரெட்டை 10 மில் திருப்புங்கள். இழை அடுத்த புள்ளியில் வந்து நிற்கிறதா? போகும் வழியெல்லாம் கோட்டை விட்டு விலகாமல் போகிறதா? திரும்பி வந்தால் புறப்பட்ட புள்ளிக்கே வருகிறதா? அதன் பிறகு அதே சோதனையைச் சுட்டும் பார்க்கலாம். இணையத்தில் எல்லோரும் காட்டும் சதுரச் சோதனை, நான்கு மூலைக்கும் திருப்பிச் சுடுவது, திரும்பி வருகிறதா என்பதை மட்டும்தான் நன்றாகச் சொல்லும். கிளிக்கின் அளவு சரியா என்பதை அவ்வளவு சிறிய சதுரத்தில் பிடிக்க முடியாது.

10 மில் திருப்பியதற்கு 98 செ.மீ.தான் நகர்ந்தது என்றால் இரண்டு சதவீதப் பிழை. அது ஸ்கோப்பைத் தூக்கியெறியக் காரணமில்லை. தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் செயலியில் அந்தத் திருத்தத்தைப் போட்டுவிட்டால் போதும். போடாவிட்டால் 1000 கஜத்துக்கு 8.5 மில் ஏற்றும்போது 15 செ.மீ.க்கு மேல் கீழே விழும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பொய் சொல்பவனோடு வாழலாம். இன்று ஒன்று நாளை ஒன்று சொல்பவனோடுதான் முடியாது.

ரசமட்டத்தையும் மறக்காதீர்கள். துப்பாக்கி 3 டிகிரி சாய்ந்தால், அதே 8.5 மில்லில், 1000 கஜத்தில் தோட்டா 40 செ.மீ. பக்கத்தில் போகும். காற்று என்று எழுதிவைத்துக்கொள்ளும் தவறுகளில் பாதி இதுவாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

ஸ்கோப் மட்டும்தான் பழுது என்று எப்படி நிரூபிப்பது?

எளிய வழி: நம்பகமான இன்னொரு ஸ்கோப்பை அதே துப்பாக்கியில் மாட்டிப் பத்து, உங்களுடையதைக் கிளப் நண்பரின் துப்பாக்கியில் மாட்டிப் பத்து. நோய் எதோடு போகிறது என்று பாருங்கள்.

பெஞ்ச்ரெஸ்ட்காரர்களின் வழி இன்னும் அழகானது. ஒரே துப்பாக்கியில் இரண்டு ஸ்கோப்புகளை அருகருகே மாட்டி, இரண்டையும் ஒரே புள்ளியைப் பார்க்கவைத்து, ஒரு தோட்டா சுடுவது. சுட்டபின் ஒன்றை மீண்டும் அந்தப் புள்ளியில் நிறுத்தினால் மற்றதும் அங்கேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று நகர்ந்திருக்கிறது. தோட்டாவின் சிதறல், காற்று, சுடுபவரின் கை எதுவும் இதில் நுழையவே முடியாது.

இப்படிச் சோதித்து வெறுத்துப்போன சிலர், உள்குழாயை எபாக்ஸியால் அசையாமல் ஒட்டிவிட்டு, குறி திருத்தும் வேலையை வெளியில் ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டிடம் கொடுத்துவிட்டார்கள். "உறைந்த ஸ்கோப்" என்பது இதுதான். பழைய அனெர்ட்டல் ஸ்கோப்புகளில் ஆரம்பத்திலேயே திருகுகள் மவுண்டில்தான் இருந்தன. தாத்தா காலத்துத் தீர்வு சுற்றி வந்து நின்றது.

விலை கூடினால் நம்பகத்தன்மையும் கூடுமா?

ஓரளவு வரை. அதற்குமேல் நீங்கள் கொடுக்கும் பணம் கண்ணாடிக்குப் போகிறது. கண்ணாடியின் தெளிவை கடையில் பத்து நொடியில் பார்த்துவிடலாம். ஸ்பிரிங்கைப் பார்க்க முடியாது. அதனால்தான் விற்பவர்கள் தெளிவைப் பற்றியே பேசுகிறார்கள்.

நைட்ஃபோர்ஸ், ஜப்பானின் மார்ச், லியூபோல்ட், காலெஸ், ஷ்மிட் அண்ட் பெண்டர் போன்ற பெயர்களைப் போட்டி வரிசைகளில் அடிக்கடி பார்க்கலாம். எந்தப் பெயரிலும் ஒரு பழுதான பொருள் வரலாம். என் பட்ஜெட் குறைவாக இருந்தால் ஜூம் வீச்சைக் குறைத்துக்கொள்வேன், வெளிச்சமூட்டும் ரெட்டிக்கிளை விட்டுவிடுவேன். நகரும் பாகங்கள் குறைந்தால் கெடுவதற்கான இடமும் குறையும். ரிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்க மாட்டேன்.

டரெட்டைத் திருப்பிய பிறகு தட்ட வேண்டுமா?

பழைய பழக்கம். உள்குழாய் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஸ்கோப்பில் அடுத்த தோட்டாவின் உதையில்தான் குறி முழுவதுமாக நகரும், அதனால் தட்டினார்கள். இன்றைய நல்ல ஸ்கோப்புக்குத் தேவையில்லை. உங்களுடையதற்குத் தேவைப்படுகிறது என்றால் அதுவே ஒரு நோயறிதல்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பெரிய துப்பாக்கியின் ஸ்கோப்பையே உடைத்துவிடும் என்கிறார்களே?

உண்மைதான். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் துள்ளும். இந்த எதிர்த்திசை உதைக்கென்று கட்டப்படாத ஸ்கோப்பில் லென்ஸ் பிடிமானம் விட்டுப்போகும். வாங்கும்போது ஏர் ரைஃபிளுக்கு ஏற்றதா என்று கேட்டுவிடுங்கள். ரிங் வழுக்காமல் இருக்க நிறுத்தக் கட்டையும் போடுங்கள்.

விமானத்தில் கொண்டுபோனேன், அல்லது கீழே போட்டுவிட்டேன். என்ன செய்வது?

பேனாக் கோட்டைப் பாருங்கள். எல்லாத் திருகுகளையும் டார்க் ஸ்பேனரால் சரிபாருங்கள், ஆனால் தளர்த்தி இறுக்க வேண்டாம். சுட்டுப் பாருங்கள். ஜீரோ நகர்ந்திருந்தால் திருத்திவிட்டு, 5 மில் மேலே போய்த் திரும்பி வந்து மறுபடி சுடுங்கள். விழுந்த ஸ்கோப் ஜீரோவில் சரியாக நின்று டிராக்கிங்கில் தடுமாறுவது உண்டு.

போட்டி நடுவில் குறி விலகினால்?

முதலில் டரெட்டின் எண்ணைப் பாருங்கள். ஒரு முழுச் சுற்று அதிகமாகத் திருப்பியிருப்பதுதான் பி.ஆர்.எஸ்.ஸில் நான் அதிகம் பார்த்த "பழுது". டரெட் ஜீரோவுக்குக் கீழே போகாமல் தடுக்கும் ஜீரோ ஸ்டாப் இருந்தால் அடி வரை திருப்பிவிட்டு மறுபடி எண்ணுங்கள். பக்க டரெட்டும் பை உரசியே ஒன்றிரண்டு கிளிக் திரும்பியிருக்கும். மூடி இருந்தால் மூடிவையுங்கள்.

எண்கள் சரியாக இருந்தும் தோட்டா வேறிடம் போகிறது, ஒரே திசையில் போகிறது என்றால், விழும் இடத்தைப் பார்த்து இழையைத் தள்ளிப் பிடித்துச் சுட்டு சுற்றை முடியுங்கள். அந்த நேரத்தில் திருகைத் தொடாதீர்கள். எங்கே விழுந்தது, எவ்வளவு தள்ளிப் பிடித்தீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பட்டறையில் முன் ஆக்ஷன் திருகில் ஸ்பேனரை வைக்கும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.